தோல் மெலிகிறதா என்று பாருங்கள்

நகை போடக் குத்திய துளை ஆறாமல் நின்றால் அதற்குக் காரணம் சொல்ல எங்கள் ஊரில் யாரும் தடுமாறுவதில்லை. கத்தரிக்காய் சாப்பிட்டிருப்பாய், இறால் தின்றிருப்பாய், கிரந்தி கிளம்பிவிட்டது என்பார் ஒருவர். கண்ணூறு என்பார் இன்னொருவர். குத்திய கை சரியில்லை, போட்ட பொன் சரியில்லை என்று மூன்றாவது ஆள் சொல்வார். செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டு, இறாலை நிறுத்தி, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசி, "பொறு பிள்ளை, ஆறும்" என்று முடித்துவிடுவார்கள். பல துளைகள் அப்படியே ஆறியும் விடுகின்றன. ஆனால் சில வேளைகளில் உடம்பு அந்த நகையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது எவ்வளவு பொறுத்தாலும் அந்தத் துளை ஆறப்போவதில்லை. பொறுக்கப் பொறுக்கத் தழும்புதான் பெரிதாகும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் காயங்களுக்கு மருந்து கட்டுவது என் வேலை. நீரிழிவுப் புண், மோட்டார் சைக்கிளில் விழுந்த சிராய்ப்பு, சத்திரசிகிச்சைத் தையல் என்று நாள் போகும். இவற்றுக்கிடையே இப்போது வேறு வகையிலும் பிள்ளைகள் வருகிறார்கள். காய்ச்சல் என்று வைத்தியரைப் பார்க்க வந்திருப்பார்கள். போகிற நேரத்தில் மருந்து கட்டும் அறைக் கதவை மெல்லத் திறந்து, "மிஸி, இதையும் ஒருக்கால் பார்ப்பீர்களா?" என்று கேட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சட்டையைச் சற்று உயர்த்துவார்கள். தொப்புளின் மேல் விளிம்பில் வளைந்த ஒரு கம்பி இருக்கும். புருவத்தில் கம்பி போட்ட தம்பிமாரும் வருவதுண்டு. பெரும்பாலும் தோல் நூலளவுக்கு வந்த பிறகுதான் என்னிடம் காட்டுகிறார்கள். இன்னும் கொஞ்சம் முந்திக் காட்டியிருந்தால் ஒரு புள்ளியளவு அடையாளத்தோடு போயிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்ளும்.

என் அக்காவின் மகள், என் பெறாமகள், என்னோடுதான் இருக்கிறாள். மருதனார்மடத்தில் நடனம் படிக்கிறாள். அவளுடைய தொப்புள் கம்பி வீட்டில் தெரியவந்த நாளில் என் அம்மா கேட்ட கேள்வி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். "நாங்களும் குத்தினோம், எங்கள் தாய்மாரும் குத்தினார்கள். காதைக் குத்தினோம், மூக்கைக் குத்தினோம். யாருடைய உடம்பு நகையைத் துப்பியது?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டார் என்றாலும் மிக நல்ல கேள்வி அது. விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குத்தியது காதுச் சோணையை, அதாவது காதின் கீழ் மடலை. உடம்பிலே நகை குத்துவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எலும்போ குருத்தெலும்போ இல்லாத மெல்லிய கொழுப்புச் சதை. இரத்த ஓட்டம் நிறைய. கம்பி முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறும்; அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் சதை இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தோடு மாற்றக்கூடிய அளவுக்கு ஆறிவிடும். மூக்குத்தியும் அப்படித்தான், மூக்கு மடலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிறது. தட்டார் வந்து, மெல்லிய பொற்கம்பியால் குத்தி, அதையே வளைத்து முறுக்கிவிட்டுப் போன அந்த முறையில் ஒரு நுட்பமும் இருந்தது: தூய பொன், சிறிய துளை, பாரம் இல்லாத நகை. எங்கள் கைவைத்திய அறிவு முழுவதும் இந்தச் சோணையிலிருந்து வந்த அறிவு. அங்கே உடம்பு நகையைத் தள்ளுவது மிக அரிது என்பதால் தள்ளுவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரத் தேவையும் இருக்கவில்லை.

தொப்புளும் புருவமும் பிடரியும் வேறு. அங்கே கம்பி தோலின் ஒரே பக்கத்தில் நுழைந்து, சற்றுத் தூரம் தோலுக்கு அடியில் ஓடி, அதே பக்கத்தில் வெளியே வருகிறது. அதற்கு மேலே இருப்பது ஒரு சிறு தோற்பாலம் மட்டுமே. அந்தப் பாலம்தான் முழுக் கதையும்.

துளை ஆறுவது என்றால் என்ன நடக்கிறது? இரு வாயிலிருந்தும் தோலின் மேற்படை உள்நோக்கி வளர்ந்து, கம்பியைச் சுற்றித் தோலாலான குழாய் ஒன்றை அமைக்கிறது. அது முழுமையானதும் உள்ளே புண் இல்லை, கம்பி இருந்தாலும் உடம்புக்குத் தொந்தரவில்லை. அது முழுமையாகும் வரை உடம்புக்கு அந்தக் கம்பி ஒரு அந்நியப் பொருள். முள் ஏறினாலும் தையல் நூல் உள்ளே தங்கினாலும் எந்த வெள்ளணுக்கள் ஓடி வருமோ அவையேதான் இதற்கும் ஓடி வரும். கம்பி ஆழமாகவும் அசையாமலும் இருந்தால் உடம்பு சமாதானமாகி அதைச் சுற்றிக் குழாயைக் கட்டிவிடும். ஆழம் போதாமல், உடை உரசி உரசி அசைந்துகொண்டிருந்தால் அழற்சி அடங்காது. வெளிப்பக்கத் தோல் அழுத்தத்துக்கு இடம் கொடுத்து மெலியும். கம்பிக்குப் பின்னால் புதிய சதை நிரம்பும். கம்பி மயிரிழை மயிரிழையாக வெளிப்பக்கம் நகரும். சில நகைகள் கொஞ்சம் நகர்ந்து ஓர் இடத்தில் நின்று, அங்கேயே நிலைத்துவிடுவதும் உண்டு. நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் கடைசியில் பாலம் அறுந்து கம்பி கையில் வரும்.

பெறாமகள் குத்தியது கொழும்பில். தொப்புள் துளை முழுமையாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை செல்லும். அது அவளுக்கும் தெரியும். கவனமாகத்தான் இருந்தாள். ஆனால் நடனப் பயிற்சிக்குச் சேலை கட்ட வேண்டும். பாவாடை நாடாவும் சேலைக் கொய்யகமும் சரியாக அந்த இடத்தில் இறுகும். அரைமண்டியில் இருந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் கம்பியின் மேல் முனையில் உள்ள மணியை அது கீழே தள்ளும். சாதாரணமாக அலுவலகத்துக்குச் சேலை கட்டுபவர்களுக்கே இது தொல்லை. ஆடுகிற பிள்ளைக்குக் கேட்கவே தேவையில்லை.

அவள் என்னிடம் காட்டியபோது, "வலி இல்லை சின்னம்மா, ஆனால் முன்பு போல் இல்லை" என்றாள். என்ன வித்தியாசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கைத்தொலைபேசியில் குத்திய புதிதில் எடுத்த படம் இருந்தது. அதையும் தொப்புளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் இருவருக்கும் விளங்கிவிட்டது. அந்தப் பழைய படத்தில் மேல் மணி தோலோடு ஒட்டி இருந்தது. இப்போது மணிக்குக் கீழே கம்பியின் ஒரு துண்டு வெளியே தெரிந்தது. கம்பி நீளவில்லை, அதை மூடியிருந்த தோல்தான் குறைந்திருந்தது.

இணையத்தில் இந்த விடயத்தைத் தேடுபவர்கள் காணும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. "சிவந்திருக்கும்" என்று எழுதியிருக்கும். எங்கள் தோலில் அந்தச் சிவப்பு அப்படித் தெரிவதில்லை. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த மண்ணிறமாக, சில வேளைகளில் சுற்றுத் தோலைவிடச் சற்றுக் கறுத்த ஒரு வட்டமாகத் தெரியும். ஆகவே நிறத்தை நம்பி இருக்காதீர்கள். பாலத்தின் தடிப்பைப் பாருங்கள். அது மெலியும்போது தோல் பளபளக்கத் தொடங்கும், இழுத்துக் கட்டியது போல. மேலே காய்ந்து செதில் செதிலாக உரியும், அல்லது காய்ப்புப் போல் இறுகும். பகல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்ந்து பார்த்தால் அடியில் கம்பி ஒரு மங்கலான கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு சந்தேகம் வேண்டாம்.

துளையின் வாயும் பேசும். வட்டமாக இருந்தது நீள்கிறதா? கம்பிக்கும் தோலுக்கும் இடையே முன்பு இல்லாத இடைவெளி தெரிகிறதா? நகை தொங்கும் விதம் மாறியிருக்கிறதா? நேராக நின்றது சரிந்து ஒரு பக்கம் விழுகிறதா? முன்பு சுழலாதது இப்போது இலகுவாகச் சுழல்கிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று ஒரு நாள் தெரிந்து மறைந்தால் அது பெரிய விடயமில்லை. படுக்கையில் அழுத்தியிருக்கலாம், வீங்கி வற்றியிருக்கலாம். வாரத்துக்கு வாரம் ஒரே திசையில் போனால் அது தள்ளுதல். இதற்கு நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தைப் பிடித்துப் படம் எடுங்கள். இரு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை எழுதி வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு நகர்வு பிடிபடாது, படத்துக்குப் பிடிபடும். துளைகளுக்கு நடுவே சுமார் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தோல் மிஞ்சியிருந்தால், அல்லது அதைவிட அதிகமாக இருந்தாலும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தால், கழற்றுவதைப் பற்றி முடிவெடுக்கும் நேரம் வந்துவிட்டது.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் எல்லா வீட்டிலும் முதலில் எடுப்பது அதைத்தான். மஞ்சள் பூசிய தோலின் உண்மை நிறம் எங்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மருந்து கட்டும் அறையில் நான் முதலில் செய்யும் வேலை அந்த மஞ்சளைக் கழுவுவதுதான். அதற்குப் பிறகுதான் என்ன நடக்கிறது என்றே பார்க்க முடிகிறது. எண்ணெய் துளையின் வாயை அடைத்து, வெளியேற வேண்டிய நீரையும் அழுக்கையும் உள்ளே வைத்துக்கொள்ளும். வேப்பங்குச்சி செருகுவதும் திறந்த புண்ணுக்குள் இன்னொரு அந்நியப் பொருளைப் போடுவதுதான். மருந்தகத்தில் வாங்கும் 0.9 வீத உப்புக்கரைசல் போதும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் புதிதாக வளர்கிற தோலையும் சேர்த்தே எரித்துவிடும். நகையைத் திருகிச் சுழற்றவும் வேண்டாம். கட்டிக்கொண்டிருக்கும் குழாயை அது கிழிக்கும். ஆறும் வரை கீரிமலைக் கேணியும் கசூரினாக் கடலும் காத்திருக்கட்டும்.

இனி வலி. "வலிக்கவில்லைதானே, பிறகென்ன?" என்பது நான் அடிக்கடி கேட்கும் வசனம். தள்ளுதல் வலியே இல்லாமல் நடக்கலாம், சீழ் ஒரு துளியும் இல்லாமல் நடக்கலாம். அதனால்தான் பலருக்கு அது தெரியாமல் போகிறது. வலியும் சீழும் பெரும்பாலும் கிருமித்தொற்றின் மொழி. தொற்று வேகமாக வரும். இடம் சூடாகும், துடிக்கும், வீக்கம் நாளுக்கு நாள் பரவும், தடித்த மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் நாற்றத்தோடு வரும், காய்ச்சலும் வரலாம். தெளிந்த அல்லது வெளிர் மஞ்சளான நீர் கசிந்து பொருக்காகக் காய்வது தொற்று அல்ல. ஆறும் புண்ணில் அது இயல்பு. தொற்று என்று சந்தேகம் வந்தால் நகையை நீங்களாகக் கழற்றாதீர்கள். வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளே கட்டிக்கொள்ளும். வைத்தியர் பார்த்து முடிவு சொல்லட்டும்.

மேல்காதில் குத்தியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே இருப்பது குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் இல்லை. மூடியிருக்கும் உறையிலிருந்துதான் அதற்குப் போசணை வருகிறது. அங்கே கிருமி தொற்றினால் அது வேகமாகப் பரவி, குருத்தெலும்பு அழிந்து, காதின் வடிவமே சுருங்கிப்போகலாம். இதற்குப் பெரும்பாலும் காரணமான சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு வீட்டில் மிச்சம் இருக்கும் அமொக்சிசிலின் வேலை செய்யாது. மேல்காது வீங்கி, தொட முடியாமல் நொந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். சோணைக்கென்று செய்த துவக்குப் போன்ற கருவியால் மேல்காதில் அடிக்க யாரையும் விடாதீர்கள். அது கூரில்லாத தோட்டை அழுத்தத்தால் செருகும் கருவி, குருத்தெலும்பை நசுக்கிவிடும்.

ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பது இலகு. அது சொறியும். நகை தொடும் இடமெல்லாம் சின்னச் சின்னப் பருக்களாக, நீர் கசிந்து, தோல் தடித்து அரிக்கும். காரணம் பெரும்பாலும் நிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் 1994 இலேயே நகைகளில் நிக்கலைக் கட்டுப்படுத்த விதி கொண்டுவந்தது. எங்கள் கடைகளில் விற்கும் முலாம் பூசிய நகைகளுக்குள் என்ன உலோகம் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஒருமுறை உடம்பு நிக்கலை வெறுக்கத் தொடங்கினால் அநேகமாக வாழ்நாள் முழுக்க வெறுக்கும். "பொன் போடு, ஆறும்" என்று அம்மாமார் சொல்வதில் இந்த இடத்தில் உண்மை இருக்கிறது. கஸ்தூரியார் வீதியில் வாங்கும் 22 கரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். அரிப்பு அதனால் அடங்கலாம். ஆனால் தோற்பாலம் மெலிந்துகொண்டிருக்கும் ஒருவருக்குப் பொன் உதவாது. ஆழம் போதாத இடத்திலிருந்து பொன்னையும் உடம்பு தள்ளும். வைத்தியத்தில் உடம்புக்குள் வைக்கும் தரத்திலான டைட்டேனியத்தையும் தள்ளும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் வீட்டில் பார்த்திருக்கிறேன். எங்கள் சித்தப்பாவின் உடம்பில் போர்க்காலத்து எறிகணைத் துண்டுகள் இருந்தன. இந்த மண்ணில் அது புதினமில்லை. வரிசையில் நிற்கும் சனத்தில் எத்தனை பேருடைய உடம்பில் இரும்பு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவருடைய தொடையில் ஆழமாகப் போன துண்டு அப்படியே இருந்தது. உடம்பு அதைச் சுற்றி நார்ச்சதையால் ஓர் உறை கட்டி அடைத்துவிட்டது. எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவந்தபோதுதான் அதைப் பற்றி மறுபடி பேச்சு எழுந்தது. தோளில் தோலுக்குச் சற்று அடியில் இருந்த சிறிய துண்டோ வருடங்கள் கழித்து மேலே வந்தது. முதலில் தொட்டால் தட்டுப்பட்டது, பிறகு கண்ணுக்குத் தெரிந்தது, கடைசியில் வைத்தியர் சின்னதாக வெட்டி இடுக்கியால் எடுத்தார். இரண்டும் ஒரே நாளில் புகுந்தவை. உடம்பு ஒன்றை அடைத்துவைத்தது, மற்றதை அனுப்பிவிட்டது. தொப்புள் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தோள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அவருடைய உடம்பில் எந்தப் பிழையும் இல்லை. பெறாமகளுடைய உடம்பிலும் இல்லை.

ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள், "நல்லூரிலும் சந்நிதியிலும் முதுகில் செடில் குத்திக் காவடி எடுக்கிறார்களே மிஸி, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே?" என்று. செடில் முள்ளும் தோலின் ஒரே பக்கத்தில் நுழைந்து அதே பக்கத்தில் வெளியே வருவதுதான். தொப்புளில் நடப்பதும் அதுவே. ஆனால் நேர்த்தி முடிந்ததும் முள்ளைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிய துளை உள்ளே ஒன்றும் இல்லாததால் மூடிக்கொள்கிறது. உடம்பு தள்ளத் தொடங்குவதற்கு அவர்கள் அவகாசமே கொடுப்பதில்லை. அதே முள்ளை மாதக்கணக்கில் முதுகில் விட்டால் அதுவும் தோலை அறுத்துக்கொண்டுதான் வெளியே வரும்.

தாமதத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் ஏன் பிந்திக் காட்டுகிறார்கள்? கூச்சம். காதுத் துளை புண்ணானால் வீட்டில் ஆயிரம் கண் பார்க்கும்; தாய் பார்ப்பாள், பக்கத்து வீட்டு மாமி பார்த்துச் சொல்வாள். அதிகமாகத் தள்ளப்படும் இடங்களோ உடைக்குள் மறைந்த இடங்கள். வீட்டுக்குத் தெரியாமல் குத்தியிருப்பார்கள். தெரிந்தால் ஏச்சு விழும், "இதற்குத்தான் வேண்டாம் என்றோம்" என்ற பேச்சு வரும் என்று மறைத்துவைப்பார்கள். தாய்மாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: முதலில் புண்ணைப் பாருங்கள், ஏசுவதற்குப் பிறகு எவ்வளவோ நேரம் இருக்கிறது. என் அம்மாவும் அன்றைக்கு ஏசிவிட்டுத்தான் இருந்தார். ஆனால் சாயந்தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, விளக்கைப் பிடித்து, "இது அறுந்து வரப்போகிறது, கழற்று பிள்ளை" என்று எனக்கு முன்பே சொன்னவரும் அவர்தான். பாரமான தோட்டால் சோணை இழுபட்டுத் துளை நீண்டு கிழிந்த கிழவிகளைப் பார்த்து வளர்ந்த கண் அது. அந்தப் பாரத்தைத் தாங்கத்தானே மாட்டல் போட்டார்கள்.

கழற்றுவது பெரிய காரியமில்லை, தொற்று இல்லை என்றால். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உப்புக்கரைசலில் நனைத்த துணியைப் பொருக்கு இளகும் வரை வைத்திருங்கள். காய்ந்த பொருக்கோடு இழுத்தால் உள்ளே கிழியும். மேல் மணியைத் திருகிக் கழற்றி, கம்பியை அது வளைந்திருக்கும் திசையிலேயே மெதுவாக எடுங்கள். பிறகு வாய்கள் மூடும் வரை உப்புக்கரைசல் மட்டும். மணி கழலவில்லை, அல்லது தோல் அதன்மேல் வளர்ந்து மூடுகிறது என்றால் இடுக்கியோடு மல்லுக்கட்டாமல் ஒரு வைத்திய நிலையத்துக்குப் போங்கள்.

ஏன் அறுந்து வரும் வரை விடக்கூடாது? பாலம் இருக்கும்போது கழற்றினால் இரண்டு புள்ளி மிஞ்சும். அறுந்த பிறகு மிஞ்சுவது ஒரு கோடு, சில வேளைகளில் ஒரு பிளவு. புருவத்தில் அறுந்தால் அந்தக் கோட்டில் மயிர் முளைக்காமல் போகலாம். எங்கள் தோலுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. கறுத்த தோல் உள்ளவர்களுக்குக் கீலாய்ட் என்ற தழும்பு அதிகம் வரும். புண்ணின் எல்லையைத் தாண்டி, ஆறி மாதங்கள் ஆன பிறகும் வளர்ந்துகொண்டே போகும் தழும்பு அது. துளையின் வாயோடு நின்றுகொள்ளும் சிறிய தடிப்பு வேறு; அது நாளடைவில் அடங்கலாம். தாய்க்கோ சகோதரருக்கோ காதில் உருண்டையாகத் தழும்பு வந்திருந்தால் காதிலோ வேறு எங்குமோ குத்துவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். வந்துவிட்டால் வெட்டி எடுப்பது மட்டும் தீர்வாகாது, வெட்டிய இடத்தில் இன்னும் பெரிதாக வளரக்கூடும். ஸ்டெரொய்ட் ஊசி, சிலிக்கன் பட்டி, அழுத்தம் என்று சேர்த்துத்தான் சிகிச்சை செய்வார்கள். தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.

பெறாமகள் அன்று இரவே கழற்றினாள். அழுதாள், அது அவளுக்குப் பிடித்த நகை. இப்போது தழும்பு வெளிறிக்கொண்டு வருகிறது, மறுபடி குத்தலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். தழும்புச் சதை முழுமையாக முதிர மாதங்கள் எடுக்கும், ஒரு வருடம் போனாலும் நல்லது. பிறகு அந்த இடத்தை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். தோலும் அடிச்சதையும் சேர்ந்து தடிப்பாக மேலே எழும்பினால், தழும்புக்குப் பின்னால் இன்னும் ஆழமாகக் குத்த இடம் இருக்கலாம். குத்துபவர் ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியால் குத்துகிறாரா, கொதியாவியில் கிருமி நீக்கிய கருவிகளை வைத்திருக்கிறாரா, உடம்புக்குள் வைக்கத் தகுந்த ஏஎஸ்டிஎம் எஃப் 136 தர டைட்டேனியம் தருகிறாரா என்று கேளுங்கள். மெல்லிய கம்பி தோலை இலகுவாக அறுக்கும், தொப்புளுக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிப்பு வேண்டாம். ஆடும் பருவத்தில் வேண்டாம், சேலை கட்டும் வேலைக்குப் போகும் பருவத்திலும் வேண்டாம். கிள்ளும்போது வெறும் தோல் மட்டும் எழும்பினால் அந்த இடத்தில் குத்த வேண்டாம். அவளுக்குக் கிள்ளிப் பார்த்தேன், தோல் மட்டும்தான் எழும்பியது. மூக்குத்தி போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவும் சம்மதித்துவிட்டார்.